கவுண்ட் ரம்ஃபோர்டு

கவுண்ட் ரம்ஃபோர்டு என்று பரவலாக அறியப்படும் சர் பெஞ்சமின் தாம்சன் (மார்ச் 26, 1753 – ஆகஸ்ட் 21, 1814) அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்து, பவேரியா, பிரான்சு ஆகிய நாடுகளில் வாழ்ந்த இயற்பியலாளரும் அரசு நிர்வாகியும் ஆவார். வெப்பம் ஒரு பொருள் அன்று, அது ஒருவகை இயக்கமே என்பதற்கு வலுவான சோதனைச் சான்று அளித்தவராக இயற்பியல் நூல்கள் இவரைக் குறிப்பிடுகின்றன. ஆனால் இவர் வாழ்ந்த காலத்தில் இலண்டன் மக்கள் இவரை அறிந்தது வேறொரு காரணத்துக்காக. கட்டி முடித்துப் பல தலைமுறைகள் கடந்த வீடுகளில், புகையும் குளிரும் நிறைந்த அறைகளைக் குறைந்த விறகும் நிலக்கரியும் கொண்டு சூடாக வைத்திருக்க இவர் வழி கண்டார். கம்பளி, இறகு, மென்மயிர் போன்றவை வெப்பத்தை ஏன் காக்கின்றன என்பதைச் சோதனை மூலம் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

பெஞ்சமின் தாம்சன் மாசச்சூசெட்சு குடியேற்றத்தில், பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள ஊபர்ன் என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தையை இழந்தார். தாய் ரூத் சைமண்ட்சு பின்னர் மறுமணம் செய்துகொண்டார். 13ஆம் வயதில் சேலம் நகரில் ஒரு வணிகரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்ட இவருக்குக் கடைக் கணக்கைவிடக் கருவிகளிலும் சோதனைகளிலுமே நாட்டம் மிகுந்திருந்தது. வாணவெடிகள் செய்ய முயன்றபோது நேர்ந்த விபத்தில் காயமும் அடைந்தார். ஊர் நண்பர் லோமி பால்ட்வினுடன் சேர்ந்து ஆர்வர்டு கல்லூரியில் பேராசிரியர் ஜான் வின்த்ரோப் ஆற்றிய இயற்பியல் சொற்பொழிவுகளைக் கேட்டார். முறையான பட்டம் எதையும் இவர் பெறவில்லை.

1772ஆம் ஆண்டு நியூ ஆம்ப்சயரில் உள்ள கான்கார்டு நகரில் பள்ளி ஆசிரியரானார். அந்நகரின் பழைய பெயர் ரம்ஃபோர்டு என்பதாகும். அதே ஆண்டு, தம்மைவிட ஏறத்தாழ 14 வயது மூத்தவரும் கணவரை இழந்தவருமான சேரா ரோல்ஃப் என்னும் செல்வந்தரை மணந்தார். இத்திருமணத்தால் கிடைத்த தொடர்புகள் மூலம் ஆளுநர் ஜான் வென்ட்வொர்த்தின் ஆதரவைப் பெற்று, 20 வயதிலேயே குடிப்படையில் மேசர் பதவி அடைந்தார். 1774இல் மகள் சேரா பிறந்தார்.

அமெரிக்க விடுதலைப் போர்

அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது தாம்சன் அரசரின் பக்கம் நின்றார். ஊரார் இவர்மீது ஐயம் கொண்டு எதிர்த்ததால் 1774ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு ஊரைவிட்டு வெளியேறினார். மனைவியுடன் இவர் பின்னர் சேர்ந்து வாழவேயில்லை. 1775இல் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதி, கிளர்ச்சிப் படைகள் பற்றிய செய்திகளைப் பிரித்தானியத் தளபதிக்கு அனுப்பினார் என்பது இருபதாம் நூற்றாண்டில் ஆவணங்கள் வழியாகத் தெரியவந்தது.

1776இல் பிரித்தானியப் படை பாஸ்டனை விட்டு வெளியேறியபோது தாம்சன் இலண்டன் சென்றார். குடியேற்றங்களுக்கான அமைச்சர் ஜார்ஜ் செர்மைன் பிரபுவின் அலுவலகத்தில் பணியாற்றித் துணைச் செயலர் பதவி வரை உயர்ந்தார். வெடிமருந்து பற்றிய சோதனைகளுக்காக 1779இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1782இல் ஒரு குதிரைப்படைப் பிரிவின் தலைவராக அமெரிக்கா திரும்பிய இவர், நியூயார்க்குக்கு அருகிலுள்ள அண்டிங்டன் ஊரின் இடுகாட்டில் கோட்டை கட்டச் செய்தார். கல்லறைக் கற்கள் அக்கோட்டையின் தேவைகளுக்குப் பயன்படுத்தப்பட்டன. அவ்வூர் மக்களின் நினைவில் இவர் பெயர் நெடுங்காலம் கசப்புடனேயே நிலைத்தது. போர் முடிந்தபின் 1783இல் ஐரோப்பா திரும்பினார். 1784இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் இவருக்கு சர் பட்டம் வழங்கினார்.

பவேரியாவில்

தாம்சன் பின்னர் பவேரியாவின் ஆட்சியாளர் கார்ல் தியோடரிடம் பணியில் சேர்ந்து மியூனிக் நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். படைத்துறைச் சீர்திருத்தம் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வீரர்களின் உணவு, உடை, குடியிருப்பு ஆகியவற்றைக் குறைந்த செலவில் மேம்படுத்துவதே இவர்முன் இருந்த சிக்கல். 1789இல் மியூனிக்கின் புகழ்பெற்ற ஆங்கிலப் பூங்கா இவருடைய முன்முயற்சியால் உருவாக்கப்பட்டது.

1790ஆம் ஆண்டின் முதல் நாளில், மியூனிக் தெருக்களில் இருந்த பிச்சைக்காரர்களைப் படைவீரர்கள் உதவியுடன் ஒருங்கே திரட்டித் தொழிலகம் ஒன்றில் சேர்க்க ஏற்பாடு செய்தார். அங்கு அவர்கள் படைக்கான துணிகளை நெய்தனர். அவர்களுக்குச் சூடான அறையும் உணவும் கூலியும் கொடுக்கப்பட்டன. வாற்கோதுமை, பட்டாணி, உருளைக்கிழங்கு முதலியவை சேர்ந்த மலிவான கஞ்சி ஒன்றை அங்கு அறிமுகப்படுத்தினார். இது ரம்ஃபோர்டு சூப் என்ற பெயரில் பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. வலுக்கட்டாயமாகத் திரட்டி வேலை வாங்கிய இம்முறையை இன்று பலர் குறை கூறுவர். எனினும் ஒரு பெரிய கட்டடத்தைச் சூடாக்கவும், நாள்தோறும் பெருந்திரளானோருக்குச் சமைக்கவும் எவ்வளவு விறகு செலவாகிறது என்ற கணக்கு இவர் கண்முன் வந்தது இங்கேதான். எரிபொருள் சிக்கனம் பற்றிய இவருடைய பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கு இதுவே தூண்டுதலாயிற்று.

1790களின் தொடக்கத்தில் புனித உரோமைப் பேரரசின் கவுண்ட் பட்டம் இவருக்கு அளிக்கப்பட்டது. தாம் வேண்டாதவராகி வெளியேறிய நகரின் பழைய பெயரான ரம்ஃபோர்டு என்பதையே பட்டப்பெயராகத் தேர்ந்துகொண்டார். மனைவி 1792இல் அமெரிக்காவில் இறந்தார். மகள் சேரா 1796இல் இலண்டன் வந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்டிராத தந்தையைச் சந்தித்தார்.

வெப்பக் காப்பு பற்றிய ஆய்வுகள்

படைவீரர்களின் சீருடைக்கு எந்தத் துணி ஏற்றது என்ற கேள்வியே ரம்ஃபோர்டை வெப்பக் காப்பு ஆய்வுக்கு இட்டுச்சென்றது. இதற்கெனத் தனிக் கருவி ஒன்றை அமைத்தார். ஒரு வெப்பமானியின் குமிழைப் பெரிய கண்ணாடிக் குமிழ் ஒன்றின் நடுவே பொருத்தி, இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் சோதிக்க வேண்டிய பொருளை நிரப்பினார். கருவியைக் கொதிநீரில் சூடாக்கிப் பிறகு பனிக்கட்டி கலந்த நீரில் அமிழ்த்தினார். வெப்பநிலை ஒரு குறிப்பிட்ட அளவிலிருந்து மற்றொரு குறிப்பிட்ட அளவுக்கு இறங்க எடுக்கும் நேரத்தைக் கணக்கிட்டார். நேரம் கூடினால் பொருள் வெப்பத்தை நன்கு காக்கிறது என்பது பொருள்.

இடையில் வெறும் காற்று மட்டும் இருந்தபோது கருவி குளிர ஏறத்தாழ 10 நிமிடங்கள் ஆயின. ஆட்டுக் கம்பளியை நிரப்பியபோது 18 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பீவரின் மென்மயிர், முயல் மயிர், ஈடர் வாத்தின் இறகு ஆகியவை 22 நிமிடங்களை நெருங்கின. நிரப்பிய பொருள் அடைத்ததோ, குமிழினுள் இருந்த இடத்தில் மிகச் சிறிய பங்கு மட்டுமே. மீதி இடம் முழுவதும் காற்றே. அப்படியானால் வெப்பத்தைத் தடுத்தது இழையா, காற்றா என்ற வினா எழுந்தது. ஒரே இடத்தில் நிரப்பும் இறகின் அளவைக் கூட்டியும் குறைத்தும், நுண்பொடிகளைக் கொண்டும் சோதித்த பின், இழைகள் காற்றைச் சிறுசிறு அறைகளில் சிறைப்பிடித்து அசையவிடாமல் செய்வதே காப்புக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். திறந்த இடத்தில் ஓடும் காற்று வெப்பத்தை வாரிச் செல்கிறது. ஓட வழியில்லாத காற்றோ வெப்பத்துக்கு வேலியாகிறது.

குளிர்காலத்தில் நிலத்தை மூடும் பனிப்படலம் மண்ணின் வெப்பத்தைக் காப்பதையும் இதே முறையில் விளக்கினார். இவ்வாய்வுகளுக்காக ராயல் சொசைட்டி 1792இல் இவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது.

வெப்பச்சலனம்

நீர்மங்களில் வெப்பம் பரவும் முறையையும் ரம்ஃபோர்டு ஆராய்ந்தார். கெட்டியான கஞ்சியும் வேகவைத்த ஆப்பிளும் மேலே ஆறினாலும் உள்ளே நெடுநேரம் சுடுவதை உணவு மேசையில் கவனித்திருந்தார். ஒருமுறை, பெரிய குமிழ் கொண்ட சாராய வெப்பமானி ஒன்றைச் சூடாக்கிய பின் ஆறுவதற்காகச் சன்னலருகே வைத்தார். வெயிலில் அதன் குழாயினுள் நுண்துகள்கள் நடுவில் மேல்நோக்கியும், ஓரங்களில் கீழ்நோக்கியும் விரைந்து ஓடுவதைக் கண்டார். சூடான நீர்மம் எடை குறைந்து மேலெழுகிறது, குளிர்ந்தது கீழிறங்குகிறது என்ற வெப்பச்சலன நிகழ்வை இதிலிருந்து தெளிவாக விளக்கினார். கஞ்சியிலும் ஆப்பிளிலும் உள்ள மாப்பொருளும் நாரும் நீரின் இவ்வோட்டத்தைத் தடுப்பதாலேயே அவை மெல்ல ஆறுகின்றன. கம்பளியில் காற்றுக்கு நேர்வது இங்கு நீருக்கு நேர்கிறது.

ரம்ஃபோர்டு கணப்பு

கணப்பு என்பது குளிர்நாட்டு வீடுகளில் அறையின் சுவரையொட்டிக் கட்டப்படும் திறந்த அடுப்பாகும். இதன் புகை, சுவரினுள் செல்லும் புகைபோக்கி வழியாகக் கூரைக்கு மேல் வெளியேறும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அறையைச் சூடாக்கப் பெரும்பாலும் இதுவே வழியாக இருந்தது.

பழைய கணப்புகளின் குறைபாடு

அக்காலக் கணப்புகள் அகலமாகவும் ஆழமாகவும் சதுர வடிவிலும் கட்டப்பட்டிருந்தன. புகைபோக்கியின் கழுத்துப்பகுதியும் மிக அகன்றிருந்தது. நெருப்பிலிருந்து எழும் புகையுடன், அறையில் இருந்த சூடான காற்றும் பெருமளவில் இவ்வழியே வெளியேறியது. வெளியேறிய காற்றை ஈடுசெய்யக் கதவு, சன்னல்களின் இடுக்குகள் வழியாக வெளியிலிருந்து குளிர்காற்று உள்ளே நுழைந்தது. இதனால் நெருப்பின்முன் அமர்ந்தவரின் முகம் காய்ந்தது, முதுகு விறைத்தது. நெருப்பைப் பெரிதாக்கினால் இழுப்பும் கூடியது. ஆகவே கூடுதல் எரிபொருள் அறையைச் சூடாக்காமல் கூரைக்கு மேலிருந்த வானையே சூடாக்கியது எனலாம். காற்றோட்டம் சீராக இல்லாத புகைபோக்கிகளில் புகையும் அறைக்குள்ளேயே திரும்பியது.

திருத்தங்கள்

1795இல் இலண்டன் வந்த ரம்ஃபோர்டு, கணப்பு பற்றிய கட்டுரையை 1796இல் வெளியிட்டார். நெருப்பிலிருந்து நேராகக் கதிர்வீசும் வெப்பமே அறைக்குப் பயன்படுகிறது, எனவே கதிர்வீச்சை அறைக்குள் திருப்ப வேண்டும், காற்றின் வீண் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும் என்பவை அவர் கொண்ட அடிப்படைகள். அவர் கூறிய மாற்றங்கள் பின்வருமாறு:

- கணப்பின் பின்சுவரை முன்னோக்கிக் கொண்டுவந்து, ஆழத்தைக் குறைத்தல்.
- பின்சுவரின் அகலம் முன்வாயின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருக்குமாறு குறுக்குதல்.
- பக்கச் சுவர்களைப் பின்சுவருடன் 135 பாகை கோணத்தில் சாய்த்துக் கட்டுதல். இதனால் அவற்றின்மேல் படும் வெப்பம் அறையை நோக்கித் திரும்பும்.
- புகைபோக்கியின் கழுத்தைச் சுமார் 4 அங்குலமாகச் சுருக்குதல்.
- கழுத்தின் முன்புற விளிம்பை வளைவாக அமைத்தல். இதனால் காற்று சுழலாமல் புகையுடன் சீராக மேலேறும்.
- பக்கச் சுவர்களுக்கு இரும்பைத் தவிர்த்து, செங்கல் அல்லது தீக்கல்லைப் பயன்படுத்தி வெள்ளையடித்தல்.

முன்னே கொண்டுவரப்பட்ட பின்சுவரின் உச்சியில், பழைய புகைபோக்கிக்குள் ஒரு தட்டையான மேடை இயல்பாகவே உருவாயிற்று. புகைபோக்கி துப்புரவு செய்வோர் நுழைவதற்காகக் கழுத்தருகே கழற்றி மாட்டக்கூடிய கல் ஒன்றை வைக்கவும் அவர் வழி சொன்னார்.

இம்மாற்றங்களின் சிறப்பு அவற்றின் எளிமையே. புதிய வீடு தேவையில்லை, புகைபோக்கியை இடிக்கவும் வேண்டியதில்லை. பழைய கணப்பின் உட்புறத்தில் சில செங்கற்களையும் சிறிது சாந்தையும் கொண்டு ஒரு கொத்தனார் குறுகிய நேரத்தில் வேலையை முடித்துவிடலாம். பாஸ்டனில் பிறந்த மற்றொரு பெஞ்சமினான பெஞ்சமின் பிராங்கிளின் 1740களில் உருவாக்கிய அடுப்பு, விலைகொடுத்து வாங்கி அறையில் வைக்க வேண்டிய இரும்புக் கருவி. ரம்ஃபோர்டின் முறையோ ஏற்கெனவே வீட்டில் இருந்ததைத் திருத்துவது. எரிபொருள் செலவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும் என்று அவர் கணக்கிட்டார். தம் கணப்புக்கோ அடுப்புகளுக்கோ அவர் காப்புரிமை எதுவும் பெறவில்லை. அளவுகளையும் படங்களையும் வெளியிட்டு, எவரும் பார்த்துக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

வரவேற்பு

இலண்டனின் செல்வர் மாளிகைகள் பலவற்றில் கணப்புகள் விரைவில் இம்முறைப்படி மாற்றப்பட்டன. 1796இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்கும் அழைக்கப்பட்டு அங்கும் கணப்புகளையும் சமையலறைகளையும் திருத்தினார். ரம்ஃபோர்டு என்ற சொல்லே கணப்பைக் குறிக்கும் பெயராக வழங்கலாயிற்று. ஜேன் ஆஸ்டின் எழுதிய நார்த்தாங்கர் அபி புதினத்தில், பழமையான மாளிகையைக் காண ஆவலுடன் வரும் கதைத்தலைவி அங்கு இப்புதுவகைக் கணப்பையே கண்டு ஏமாற்றம் அடைகிறாள். ஜேம்சு கில்ரே 1800இல் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில் ரம்ஃபோர்டு தம் கணப்பின்முன் முதுகைக் காய்ச்சிக்கொண்டு நிற்கிறார். அமெரிக்காவில் தாமசு ஜெபர்சன் தம் மாண்டிசெல்லோ இல்லத்தில் இவ்வகைக் கணப்புகளை அமைத்தார்.

சமையல் அடுப்புகள்

திறந்த நெருப்பின்மேல் பாத்திரத்தைத் தொங்கவிட்டுச் சமைப்பதில் பெரும்பகுதி வெப்பம் வீணாவதைக் கண்ட ரம்ஃபோர்டு, செங்கல்லால் மூடிக் கட்டிய அடுப்புகளை வடிவமைத்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிச் சிறு நெருப்பும், காற்றைக் கூட்டிக் குறைக்கும் அடைப்பும் இவற்றில் இருந்தன. பாத்திரங்களின் மூடிகள் இடையில் காற்று அடைபட்டிருக்கும் வகையில் இரட்டைத் தகடுகளால் செய்யப்பட்டன. கம்பளிச் சோதனையில் கண்ட உண்மை இங்கு உலோகத்தில் பயன்பட்டது. மியூனிக் தொழிலகத்திலும், இத்தாலியின் வெரோனா நகரிலுள்ள இரண்டு மருத்துவமனைகளிலும் இவ்வகைச் சமையலறைகளை அமைத்தார். காப்பி வடிக்கும் பாத்திரம், ஒளியின் செறிவை ஒப்பிடும் ஒளிமானி ஆகியவற்றையும் உருவாக்கினார்.

வெப்பம் என்பது இயக்கம்

மியூனிக் படைக்கலச் சாலையில் பீரங்கிக் குழல்களைத் துளையிடும்போது அவை கடுமையாகச் சூடாவதை ரம்ஃபோர்டு கவனித்தார். வெப்பம் என்பது கலோரிக் என்னும் நுண்பாய்மம், அது பொருளுக்குள் அடங்கியிருக்கிறது என்பதே அன்றைய அறிவியலாளர் பலரின் கொள்கை. அதை ஆராய, மழுங்கிய துளைக்கருவி ஒன்றைப் பித்தளைக் குழலில் அழுத்தி, நீர் நிரம்பிய பெட்டிக்குள் குதிரைகளின் ஆற்றலால் சுழலச் செய்தார். இரண்டரை மணி நேரத்தில், நெருப்பே இல்லாமல், நீர் கொதித்தது. உராய்வு தொடரும் வரை வெப்பமும் முடிவின்றி வந்துகொண்டேயிருந்தது. முடிவின்றி வருவது ஒரு பொருளாக இருக்க இயலாது, அது இயக்கமாகவே இருக்க வேண்டும் என்று 1798இல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் வாதிட்டார். இக்கருத்து உடனே ஏற்கப்படவில்லை. 1840களில் ஜேம்சு ஜூல் வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள அளவுத் தொடர்பை நிறுவிய பின்னரே இது முழு மதிப்புப் பெற்றது.

ராயல் இன்ஸ்டிடியூசன்

1798இல் பவேரியாவின் தூதராக இலண்டன் அனுப்பப்பட்டார். பிரித்தானியக் குடிமகன் ஒருவரை அயல்நாட்டுத் தூதராக ஏற்க மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மறுத்துவிட்டார். அங்கேயே தங்கிய ரம்ஃபோர்டு, 1799இல் சோசப் பாங்சு முதலியோருடன் சேர்ந்து ராயல் இன்ஸ்டிடியூசனை நிறுவினார். அன்றாட வாழ்வுக்குப் பயன்படும் அறிவியலைக் கைவினைஞர்களுக்குக் கற்பிப்பதும், திருத்திய கணப்புகளையும் அடுப்புகளையும் மாதிரிகளாகக் காட்சிக்கு வைப்பதும் அவருடைய முதல் நோக்கங்களாக இருந்தன. அம்ப்ரி டேவி 1801இல் இங்கு பணியில் அமர்த்தப்பட்டார். ரம்ஃபோர்டு 1802இல் இங்கிலாந்தை விட்டு நீங்கிய பின் நிறுவனம் கைவினைப் பயிற்சியிலிருந்து விலகி, ஆராய்ச்சிக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்கும் பெயர்பெற்றது.

இக்காலத்தில் இலண்டனின் பிராம்ப்டன் பகுதியில் ஒரு வரிசை வீட்டை வாங்கித் தம் கருத்துகளுக்கேற்ப மாற்றியமைத்தார். சன்னல்களை இரட்டையாக அமைத்து, இடையில் காற்று அடைபட்டிருக்கச் செய்தார்.

பாரிசில் இறுதிக் காலம்

1804இல் வெளியிட்ட ஆய்வில், சூடான நீர் நிரப்பிய இரண்டு பித்தளை உருளைகளை ஒப்பிட்டார். ஒன்று பளபளப்பாக விடப்பட்டது, மற்றொன்று மெல்லிய துணியால் போர்த்தப்பட்டது. போர்த்திய உருளையே விரைவாகக் குளிர்ந்தது. பளபளப்பான பரப்பு குறைவாகவே வெப்பத்தைக் கதிர்வீசும் என்பதை இது காட்டியது. வெள்ளை நிறமும் வெப்பத்தைக் காக்கும் என்று எண்ணிய ரம்ஃபோர்டு, பாரிசின் குளிர்காலத்தில் வெண்ணிற உடையும் வெண்தொப்பியும் அணிந்து வெளியே சென்றார். ஊரார் வியப்புடன் பார்த்ததை அவர் பொருட்படுத்தவில்லை.

1805இல், புகழ்பெற்ற வேதியியலாளர் இலவாசியேயின் மனைவியாக இருந்து கணவரை இழந்த மரி ஆன் இலவாசியேயை மணந்தார். விருந்துகளையும் நண்பர் கூட்டத்தையும் விரும்பிய அவருக்கும், அமைதியை விரும்பிய ரம்ஃபோர்டுக்கும் ஒத்துப்போகவில்லை. 1809இல் இருவரும் பிரிந்தனர். பின்னர் பாரிசை அடுத்த ஓத்தேய் என்னும் ஊரில் வாழ்ந்த ரம்ஃபோர்டு, ஆகஸ்ட் 21, 1814 அன்று காலமானார். அவ்வூர் இடுகாட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மதிப்பீடு

ரம்ஃபோர்டின் முடிவுகள் எல்லாம் சரியானவை அல்ல. காற்றும் நீர்மங்களும் வெப்பத்தைச் சிறிதும் கடத்தா, அவை ஓடும்போது மட்டுமே வெப்பம் செல்கிறது என்று அவர் கருதினார். ஜான் டால்ட்டன் முதலியோர் இதை மறுத்தனர். அசையாத காற்றும் வெப்பத்தைக் கடத்துகிறது, ஆனால் மிகக் குறைவாகவே கடத்துகிறது என்பதே உண்மை. அவருடைய கணப்பும் திறந்த கணப்பு என்ற வகையில் வெப்பத்தின் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியே இழக்கவே செய்தது. செருமானிய மூடிய அடுப்புகள் சிக்கனமானவை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் கண்முன் எரியும் நெருப்பை ஆங்கிலேயர் கைவிடமாட்டார்கள் என்பதால் அதையே திருத்த முற்பட்டார்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றியும் ஒருமித்த கருத்து இல்லை. உளவு பார்த்தவர், குடும்பத்தைக் கைவிட்டவர், செருக்கு மிக்கவர் என்ற குறைகள் அவர்மீது சொல்லப்படுகின்றன. அதேவேளை, அறிவியலாளர்கள் பெரிதாக எண்ணாத அடுப்பு, போர்வை, கஞ்சி ஆகியவற்றை அளந்து ஆராய்ந்து, அதன் பயனை விலையின்றிப் பொதுமக்களுக்கு அளித்தவரும் அவரே. விறகு வாங்கும் செலவு எளியவர்களின் வாழ்வில் எவ்வளவு பெரியது என்பதை உணர்ந்து அதை ஓர் இயற்பியல் சிக்கலாக அணுகியது அவருடைய தனிச்சிறப்பு ஆகும்.

இன்றைய வெப்பக் காப்பும் ரம்ஃபோர்டும்

இன்று பழைய வீடுகளின் சூடாக்கும் செலவைக் குறைக்க மேற்கொள்ளப்படும் வேலைகள் பலவும் ரம்ஃபோர்டு கண்ட இரண்டு வழிகளுள் அடங்குகின்றன. ஒன்று, வெப்பக் காற்று வெளியேறும் வழிகளை அடைத்தல். மற்றொன்று, அசையாத காற்றைச் சுவராகப் பயன்படுத்தல். கூரையடியில் விரிக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு, கம்பளியைப் போலவே காற்றைச் சிறைப்பிடித்து வேலை செய்கிறது. அசையாத காற்றின் வெப்பக்கடத்துதிறன் மீட்டருக்கும் கெல்வினுக்கும் சுமார் 0.025 வாட்டு. கண்ணாடி இழைப் பஞ்சுக்கு இது ஏறத்தாழ 0.04. சாதாரணச் செங்கல்லுக்கோ 0.6க்கும் மேல். அதாவது, செங்கல்லைவிடப் பஞ்சு ஏறத்தாழ 15 மடங்கு நன்றாக வெப்பத்தைத் தடுக்கிறது. பஞ்சை நெருக்கி அழுத்தினால் அதனுள் உள்ள காற்று வெளியேறிப் படலம் மெலிந்து, காப்பும் குறைந்துவிடும். இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களும், வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பும் பளபளப்பான தகடுகளும் இதே ஆய்வுகளின் தொடர்ச்சி எனலாம்.

பழைய வீடுகளில் பயன்படுத்தாமல் விடப்பட்ட கணப்புகள் இன்றும் அறையின் சூடான காற்றை இரவும் பகலும் மேலே இழுத்துச் செல்கின்றன. எனவே அவற்றின் கழுத்தை அடைப்பது சிக்கனமான முதல் வேலைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஈரம் தங்காதிருக்கச் சிறிது காற்றோட்டம் விடப்படும். நெருப்பு எரியும் கணப்பை மட்டும் அடைக்கலாகாது, ஏனெனில் நச்சுத்தன்மை கொண்ட கார்பன் மோனாக்சைடு அறைக்குள் தேங்கிவிடும்.

நினைவுகள்

ரம்ஃபோர்டு 1796இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கும், அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்துக்கும் பெருந்தொகை வழங்கி, வெப்பம், ஒளி ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்குப் பரிசளிக்க ஏற்பாடு செய்தார். ராயல் சொசைட்டியின் ரம்ஃபோர்டு பதக்கத்தை முதலில் பெற்றவர் ரம்ஃபோர்டே. பின்னர் மைக்கேல் பாரடே, லூயி பாசுச்சர், ஜேம்சு கிளார்க் மாக்சுவெல் முதலியோர் இதைப் பெற்றனர். அமெரிக்கக் கழகத்தின் ரம்ஃபோர்டு பரிசு 1957இல் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு வழங்கப்பட்டது. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இவர் விட்டுச்சென்ற நன்கொடையால் ரம்ஃபோர்டு பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது.

மியூனிக் நகரில் இவருக்குச் சிலை உண்டு. அதன் படி ஒன்று பிறந்த ஊரான ஊபர்னில் நிறுவப்பட்டுள்ளது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள குழிப்பள்ளம் ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. மகள் சேரா ரம்ஃபோர்டு பட்டத்துக்குரியவராகக் கான்கார்டில் வாழ்ந்து 1852இல் மறைந்தார்.